வீச்சுவலை விரியும் நேரம்: ஒரு படநிறுவனத்தின் அசையும் லோகோ குறித்து

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியின் சாரம் இது. நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு படத்தயாரிப்பு நிறுவனம் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் படத்தின் படத்தொகுப்பு முடியும் நிலையில் இருக்கிறது. படத்தின் முகப்பில் வரவேண்டிய அசையும் லோகோவுக்கு ஒரு திட்டம் எழுதி, அது சரியா, எவ்வளவு நேரம் ஓடலாம், எப்படிச் செய்வது, பின்னால் சிக்கல் வராமலிருக்க எதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் திட்டப்படி பாம்பன் பாலத்தின் தூக்குப்பகுதி மேலே எழுகிறது. கீழே ஒரு கப்பல் கடக்கிறது. பின்னணியில் இராமேசுவரத்துக் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் தேவாலயச் சிலுவையும் தெரிகின்றன. கடலிலிருந்து ஓர் ஆவுளியா, அதாவது கடற்பசு, துள்ளுகிறது. சங்கு முழங்கச் சூரியன் உதிக்கிறது. நிறுவனத்தின் பெயர் பொன்னெழுத்தில் வெடித்து வெளிப்படுகிறது. மொத்தம் 28 நொடிகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை செயல்கள் வேண்டாம், ஒன்று போதும். சென்னையில் பல ஆண்டுகள் படத்தொகுப்பு மேசையிலும் வரைகலைக் கூடத்திலும் வேலை பார்த்து, பிறருடைய லோகோக்களைப் படங்களின் தலைப்பில் ஒட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது நம் மாவட்டத்துத் தொண்டிக்குத் திரும்பி வந்திருப்பவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: காலம் கடந்தும் நினைவில் நிற்கிற லோகோக்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு செயல்தான் நடக்கிறது, அந்தச் செயல் யாரும் நிறுத்தாமல் தானாகவே முடிவுக்கு வருகிறது. முடிவுள்ள செயலைக் கண்டால் பார்ப்பவரின் மனம் நிறைவடைந்து அடுத்ததற்குத் தயாராகிறது. அழகழகாகப் பல காட்சிகளை அடுக்கினால் எதுவும் முடிந்ததாகத் தோன்றாது. கடைசியில் பெயரை வெடிக்கவைத்துத்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். எம்ஜிஎம் நிறுவனத்தின் சிங்கம் 1916இல் கோல்ட்வின் நிறுவனத்துக்காக ஹோவர்ட் டீட்ஸ் என்பவர் வகுத்த சின்னம். 1924இல் நிறுவனங்கள் இணைந்தபோது அது எம்ஜிஎம்முக்கு வந்தது. 1928இல்தான் அதன் கர்ஜனை முதன்முதலாகக் காதில் கேட்டது. அந்தச் சிங்கம் செய்வது ஒன்றே ஒன்று. கர்ஜித்துவிட்டு வாயை மூடுகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் ராங்க் நிறுவனத்துக்கு ஓர் உடற்கட்டுள்ள மனிதர் பெரிய சேகண்டியை அடிப்பார். ஓசை எழுந்து, அதிர்ந்து, அடங்கும். பிக்ஸாரின் மேசை விளக்கு, 1986இல் அந்நிறுவனம் எடுத்த குறும்படத்தில் பிறந்தது. அது குதித்துக் குதித்து வந்து ஓர் எழுத்தின்மேல் ஏறி அதை நசுக்கிவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் ஒரு குழந்தைக்குச் சொல்லிவிடலாம். உங்கள் திட்டத்தை அப்படிச் சொல்ல முடியுமா என்று முயன்று பாருங்கள்.

கடற்கரைக்காரர்களான நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு ஜப்பானில் இருக்கிறது. 1951இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான தோயெய் நிறுவனத்தின் லோகோவில் மூன்று பாறைகள் நிற்கின்றன. பேரலை ஒன்று வந்து அவற்றின்மேல் மோதிச் சிதறுகிறது. அந்தச் சிதறலின் மேல் நிறுவனத்தின் முக்கோணச் சின்னம் எழுகிறது. சிபா மாகாணத்தின் இனுபோசாகி முனையில் எடுக்கப்பட்ட உண்மையான கடற்காட்சி அது. பல தலைமுறை ஜப்பானியர்களுக்கு அந்த அலைதான் திரையரங்கின் கதவு. அலை மோதுவதும் ஒரு செயல்தான். அதற்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. அதோடு அது அந்நிறுவனத்தாரின் நாட்டுக் கடல். எங்கோ உள்ள பனிமலையையோ உருளும் பூமிப்பந்தையோ அவர்கள் தேடிப்போகவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் முன்னோர்கள் இதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். 1929இல் கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் நிறுவனத்துக்கு விடியல் ஒளியில் ஒரு பெண் கொம்பு ஊதுவாள். பிரபாத் என்ற சொல்லுக்கே விடியல் என்றுதான் பொருள். எஸ். எஸ். வாசனின் ஜெமினிக்கு இரட்டைச் சிறுவர்கள் ஊதுகொம்பு ஊதுவார்கள். ஜெமினி என்றால் மிதுன ராசி, இரட்டையர். பெயரும் உருவமும் ஓசையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கும் இந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ராஜ்கபூரின் ஆர்.கே. நிறுவனத்துக்கு 1949இல் வந்த ‘பர்சாத்’ படத்தில் ஒரு கையில் வயலினும் மறு கையில் நாயகியுமாக அவர் நிற்கும் காட்சியே சின்னமாயிற்று. கே. பாலசந்தரின் கவிதாலயாவுக்கு வள்ளுவர் உருவமும் முதல் குறளும். எழுத்து மட்டுமே வந்து நிற்கும் லோகோக்களும் உண்டு என்றாலும், அவற்றைப் பெரும்பாலும் இசைதான் காப்பாற்றியிருக்கிறது.

ஏவிஎம்மை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அது நம் மண்ணோடு தொடர்புடையது. 1945இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தொடங்கிய அந்நிறுவனம், சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன், காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுத்தான் படமெடுத்தது. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானதுதான். அன்று காரைக்குடியும் தேவகோட்டையும் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. 1985இல்தான் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே இந்த மாவட்டத்திலிருந்து ஒரு படநிறுவனம் கிளம்புவது புதிய செய்தி இல்லை. நம் ஊரிலிருந்து யார் படம் எடுக்கப்போகிறார்கள் என்று உங்களிடம் கேட்டவர்களுக்கு இந்தத் தகவலைச் சொல்லுங்கள்.

ஓசையைப் பற்றிச் சொல்லும்போது என் சிறுவயது நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. அது விஷயத்துக்குத் தேவையானது என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு வெளியே பொட்டலில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. சீட்டுக் கொடுக்கும்வரை பக்திப் பாடல்கள் ஒலிக்கும். பிறகு சற்று அமைதி. அதன்பின் திரையிலிருந்து லோகோவின் இசை கிளம்பும். வீட்டில் சாப்பாட்டை முடிக்கத் தாமதமானவர்கள் அந்த இசை காற்றில் வரும்போது கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒரு படம். வெளியே ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு கூப்பிடு குரல். அதோடு, முதல் ரீலின் தொடக்கப் பகுதிதான் ஊர் ஊராகப் போகும் பிரதியில் அதிகம் தேய்ந்து கோடு விழுந்திருக்கும் என்பதால், நாங்கள் பார்த்த லோகோக்கள் எல்லாம் மழைக்கு நடுவே தெரிந்தவைதான். படம் மங்கினாலும் ஓசை பிழைத்தது. எனவே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் உங்கள் நிறுவனம்தான் என்று தெரியவேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். பாம்பன் பாலத்தை நான் நேசிக்கிறேன். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் இரு கரங்களும் ஆட்களின் கைவலுவால் திறந்ததைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி கிடைமட்டமாக இருந்தபடியே செங்குத்தாக மேலே போகிறது. ஆனால் அந்த அசைவின் அழகு அதன் நிதானத்தில் இருக்கிறது. சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் ஒன்றை நான்கு நொடியில் தூக்கினால் அது பொம்மைப் பாலம்போலத் தெரியும். நம் கரையைக் காட்ட விரும்பும் எல்லோரும் முதலில் எடுப்பது அந்தப் பாலத்தைத்தான் என்பதால், உங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சாது. நேரடியாகப் படமெடுப்பதாக இருந்தால் வேறு தடைகளும் உண்டு: பாலம் இரயில்வேயின் சொத்து, உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது, ட்ரோன் பறக்கவிட முறையான அனுமதி இல்லாமல் அந்தப் பகுதியில் கனவிலும் நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. அங்கே கால்வைக்க வனத்துறையின் ஒப்புதல் வேண்டும்.

ஆவுளியா துள்ளாது. கடற்புல் மேயும் அந்தச் சாதுவான விலங்கு, மூச்சு வாங்க மூக்கை மட்டும் மேலே நீட்டிவிட்டு அமைதியாக உள்ளே இறங்கிவிடும், துள்ளுவது ஓங்கில் என்கிற டால்பின். நம் கரையின் முதியவர் ஒருவர் இதைத் திரையில் பார்த்தால் அந்த ஒரு பிழைக்காகவே உங்கள் படத்தின் மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பார். மூன்று வழிபாட்டிடங்களை வரிசையாக நிறுத்துவதன் பின்னால் உள்ள உங்கள் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. நம் கரையில் அந்த உறவு உண்மையானதும்கூட. ஆனால் அந்த வரிசை சுவரொட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் வந்து வந்து தேய்ந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து செய்கிற ஒரு வேலையைக் காட்டினால் அதே பொருள் சொல்லாமலே வந்துவிடும்.

சங்கொலியைப் பற்றி நான் நீண்ட நேரம் யோசித்தேன். கீழக்கரைச் சங்குக்குளியாளர்களின் மரபு நம்முடையது. ஒரு மூச்சில் தொடங்கி அந்த மூச்சோடு முடிகிற ஓசை என்பதால் என் விதிக்கும் பொருந்துகிறது. இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். கோயிலில் ஊதும் அதே சங்கு இழவு வீட்டிலும் ஊதப்படுகிறது. ‘சங்கு ஊதிவிட்டார்கள்’ என்றால் நம் பேச்சில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நிறுவனத்தின் முதல் படத்தின் முதல் ஓசையாக அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை வீச்சுவலை. விடியலில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நிற்கிறார். வலையை மடித்துத் தோளிலும் கையிலும் ஏந்தி, உடலைத் திருப்பி வீசுகிறார். சுருண்டிருந்த வலை காற்றில் வட்டமாக விரிகிறது. ஒரு கணம் அப்படியே நிற்பதுபோல் தோன்றுகிறது. பிறகு விளிம்பில் உள்ள ஈயக்குண்டுகள் முதலில் தண்ணீரைத் தொட, முழு வட்டமும் கடலில் அமர்கிறது. அந்த வட்டம் தண்ணீரில் வளையமாகப் பரவி அடங்கும்போது, அதன் நடுவிலேயே உங்கள் பெயர் இருக்கிறது. செயல் ஒன்று; அதற்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன; வட்டம் என்ற வடிவம் கடிதத்தாளிலும் சுவரொட்டி மூலையிலும் கைப்பேசித் திரையிலும் அசையாச் சின்னமாகவும் நிற்கும். மதமும் சாதியும் தெரியாத ஒரு மனித உருவம் அது. முகத்தைக் காட்டாமல் பின்புறமாக வைத்தால் இன்னும் நல்லது. வலையில் மீன் துடிப்பதாகக் காட்டாதீர்கள். உயிருள்ள விலங்குகளைப் பயன்படுத்தினால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி தேவைப்படும் என்பது ஒருபுறமிருக்க, வலை விழுந்த கணத்தில் நிறுத்துவதுதான் அழகு, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டியது அடுத்து வரும் படம்.

கடலை எப்படிக் காட்டுவது என்பதில் நம் ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறோம். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்க, வடக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். நீங்கள் அனுப்பிய மாதிரிக் காட்சியில் அலைகள் ஆளுயரத்துக்குச் சுருண்டு விழுகின்றன. அது எந்தக் கடலோ, மண்டபத்து வடகரைக் கடல் இல்லை. வீச்சுவலை போடுகிறவர் தேர்ந்தெடுப்பது அமைதியான நீரைத்தான். வடகரையில் கடலைப் பார்த்து நின்றால் விடியல் ஒளி வலப்புறமிருந்து வரும் என்பதையும் வரைபவரிடம் சொல்லிவிடுங்கள். பக்கவாட்டு ஒளியில்தான் வலையின் நூல் ஒவ்வொன்றும் மின்னும்.

செய்முறையில் முதல் வேலை கணினியில் இல்லை. 1994இல் டிரீம்வர்க்ஸ் தொடங்கியபோது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் முதலில் கணினியில் உருவாக்கிய லோகோவைத்தான் எண்ணியிருந்தார். கையால் தீட்டிய ஓவியமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று காட்சி விளைவு நிபுணர் டென்னிஸ் மியூரன் சொல்ல, ராபர்ட் ஹன்ட் என்ற ஓவியர் தம் மகனையே மாதிரியாக வைத்து நிலாப்பிறையில் அமர்ந்து தூண்டில் போடும் சிறுவனைத் தீட்டினார். நீங்களும் ஓர் ஓவியரைப் பிடித்து, வலை முழுதாக விரிந்து நிற்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் வண்ணத்தில் தீட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு படம் மனதைத் தொடவில்லையென்றால் அசைத்தாலும் தொடாது. அடுத்ததாக, வலைவீச்சில் கைதேர்ந்த ஒருவரை வேண்டிக்கொண்டு, நொடிக்கு 120 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும் கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பலமுறை படமெடுங்கள். அவருடைய நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். தோள் எப்போது திரும்புகிறது, பின்னங்கால் எப்போது அழுந்துகிறது, வலையின் எந்தப் பகுதி முதலில் பிரிகிறது என்பதையெல்லாம் சட்டகம் சட்டகமாகப் பார்த்துக் குறித்த பிறகே அசைவூட்டுபவர் வேலையைத் தொடங்க வேண்டும். உண்மையில் வலை பறப்பது மிகக் குறுகிய நேரம். திரையில் அதை மூன்று நொடிவரை நீட்டலாம். அதற்கு மேல் நீட்டினால் வலையின் எடை போய்விடும்.

வலை என்பதால் ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்ப ஆபத்து இருக்கிறது. இதை அனுபவமில்லாதவர்கள் கடைசி நாளில்தான் கண்டுபிடிப்பார்கள். டிஜிட்டல் திரையிடலில் 2கே அகலத்திரைச் சட்டகம் 2048க்கு 858 புள்ளிகள் மட்டுமே. உண்மையான வலையின் நூலை அதே மெல்லிய அளவில் வைத்தால் ஒரு நூல் ஒரு புள்ளியைவிடச் சிறியதாகி, அசையும்போது முழு வலையும் மினுமினுத்து நடுங்கும். கண்ணிகளுக்கிடையே இல்லாத கோலங்கள் தோன்றும். கண்ணிகளை உண்மையைவிடப் பெரிதாக்கி, நூலைச் சற்றுத் தடிப்பாக்கி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் கணினி கணக்கிடும் மாதிரிகளின் எண்ணிக்கையை உயர்த்தி, அசைவு மங்கலைச் சேர்த்தால்தான் அது அடங்கும். விடியல் வானத்துக்கும் இதேபோல் ஒரு சிக்கல் உண்டு: நிறப்படிகள் குறைவான 8 பிட் கோப்பில் வேலை செய்தால் செம்மையிலிருந்து நீலத்துக்கு மாறும் இடம் படிக்கட்டுபோல் பட்டைபட்டையாகப் பிரியும். நிறப்படிகள் மிகுந்த 16 பிட் ஓப்பன் இஎக்ஸ்ஆர் கோப்புகளாகவே வாங்குங்கள். திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் படப்பிரதியான டிசிபி 12 பிட்டில் அமைவதால் அந்த நுணுக்கம் வீணாகாது. மேலே மிகமெல்லிய மணல்துகள் அமைப்பைச் சேர்த்தால் பட்டை இன்னும் மறையும்.

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். கடற்பரப்பை உருவாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. 12 நொடி என்றால், நொடிக்கு 24 வீதம் 288 சட்டகங்கள். ஒரு சட்டகத்துக்கு 20 நிமிடம் பிடித்தால் 96 மணி நேரம், அதாவது நான்கு நாள் ஒரு கணினி இடைவிடாமல் ஓடவேண்டும். நம் பக்கம் மின்சாரம் போய்வரும் நிலையில், நேரடியாகக் காணொளிக் கோப்பாக எடுக்கவே கூடாது. தனித்தனிச் சட்டகங்களாகச் சேமித்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயரைத் தமிழில்தான் எழுதப்போகிறோம் என்று நீங்கள் உறுதியாக எழுதியிருந்தது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முப்பரிமாண மென்பொருள்களில் தமிழை நேரடியாகத் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம்மாறி விழும் ஆபத்து உண்டு. இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் எழுத்தை அமைத்து, அதைக் கோட்டுருவாக மாற்றி, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் கடைசிச் சட்டகத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். கையால் எழுதிய எழுத்து கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் கட்டமரான், மீரா இனிமை போன்ற திறந்த உரிமமுள்ள எழுத்துருக்களை எடுத்து மாற்றி அமைக்கலாம். பெயர் முழுமையாக வந்தபின் குறைந்தது மூன்று நொடி அசையாமல் நிற்கவேண்டும். பொன் பளபளப்பு வேண்டாம். வலையின் நூல் நிறமோ ஈயத்தின் நிறமோ போதும்.

ஓசைக்கு வருகிறேன், செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறெதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள். திரையில் தெரியும் பொருளின் ஓசையே உண்மையில் ஒலிக்க வேண்டும் என்பதில்லை. ராங்க் நிறுவனத்தின் அந்தப் பெரிய சேகண்டி வெறும் பொய்ப்பொருள். ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர் வேறொரு வாத்தியத்தில் அடித்ததுதான் நாம் கேட்டது. எம்ஜிஎம் சிங்கத்தின் கர்ஜனையை 1980களில் மார்க் மங்கினி புதுப்பித்தபோது புலியின் உறுமலைக் கலந்தார். உங்கள் லோகோவுக்கு மூன்று ஓசைகள் போதும்: வலை காற்றைக் கிழிக்கும் வீச்சு, ஒரு கணத்து அமைதி, பின் ஈயங்கள் தண்ணீரில் சரசரவென்று விழும் ஓசை. விடியலில், கடற்காற்று எழும்புமுன், காற்றுத்தடுப்பு உறை போட்ட ஒலிப்பதிவுக் கருவியில் கரையிலேயே ஒருமுறை எடுங்கள். பிறகு ஒலிக்கூடத்தில் அகலமான தொட்டியில் தண்ணீர் வைத்து ஈயக்குண்டுகளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி மறுபடியும் எடுங்கள். பித்தளை அண்டா வேண்டாம், அது மணியடிக்கும். ஐந்து ஒலிவழிகளில் அந்தச் சரசரப்பை அரங்கைச் சுற்றி ஓடவிட்டால், வலை பார்வையாளர்களின் தலைமேல் விழுந்ததுபோல் இருக்கும். அதன்மேல் இசை வேண்டுமென்றால் ஒரே ஒரு நீண்ட சுரம் போதும், அதுவும் பெயர் நிற்கும்போது மட்டும்.

நீளம் 12 நொடிக்கு மேல் போகவேண்டாம். இன்று படம் தொடங்குமுன் தணிக்கைச் சான்றிதழ் 10 நொடி நிற்கிறது. கதையில் புகைபிடிக்கும் காட்சி இருந்தால் அதற்கான விழிப்புணர்வுப் படம் 30 நொடி. பிறகு விநியோகஸ்தர், இசை நிறுவனம், இணைத்தயாரிப்பாளர் என்று லோகோக்கள் வரிசையில் நிற்கின்றன. சென்னையில் நான் வேலை செய்த ஒரு படத்துக்குத் தயாரிப்பாளர் அரை நிமிட லோகோ கேட்டார். நானும் மறுக்காமல் செய்துகொடுத்தேன். முதல் நாள் அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, பாதியிலேயே ஜனங்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பேச்சு அடங்குவதற்குள் இயக்குநர் பல மாதம் உழைத்து எடுத்த முதல் காட்சி போய்விட்டது. அந்த இயக்குநரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்னும் பின்னும் ஒரு நொடி வெறும் கருந்திரையும் அமைதியும் சேர்த்து வாங்குங்கள். படத்தொகுப்பாளருக்கு அது உதவும். அகலத்திரை, சாதாரணத் திரை இரண்டுக்கும், முன்னோட்டத்துக்கு 4 நொடியிலும், கைப்பேசிக்கு நெட்டுவாக்கிலும் தனித்தனி வடிவங்களை இப்போதே கேட்டுவிடுங்கள். சான்றிதழுக்கு அனுப்பும் பிரதியிலேயே லோகோ இருக்கவேண்டும்; பிறகு ஒட்டுவதும் நீட்டுவதும் தணிக்கை வாரியத்திடம் மறுபடி போகவேண்டிய வேலையாகிவிடும்.

உரிமை பற்றிய கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்கிறேன். பணம் கொடுத்துவிட்டோம், எனவே எல்லாம் நம்முடையது என்று நினைப்பது பாதுகாப்பில்லை. அசையும் படத்துக்கு ஒரு விதி என்றால், அதற்குள் இருக்கும் ஓவியத்துக்கும் இசைக்கும் வேறு விதி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றும், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கருதிக்கொள்ளும். ஆறாவது ஆண்டில் உங்கள் நிறுவனம் வளர்ந்து நிற்கும்போது ஓவியரோடு வழக்காடும் நிலை உங்களுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. எனவே ஓவியர், அசைவூட்டுபவர், ஒலி அமைப்பவர், இசையமைப்பாளர் நால்வரிடமும் தனித்தனியாக, காலமும் எல்லையும் தொகையும் குறிப்பிட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். வலை வீசிக் காட்டியவரின் உருவத்தைப் பயன்படுத்தினால் அவரிடமும் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். அவருக்குப் புரியும்படி படித்துக் காட்டியபின் வாங்குங்கள்.

அதன்பின் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி, படத்தயாரிப்பு அடங்கும் 41ஆம் வகுப்பில் பெயரையும் வட்டச் சின்னத்தையும் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் புதுத்தொழில் நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500, மற்றவர்களுக்கு ரூ. 9,000. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஓசையையும் தனிச் சின்னமாகப் பதியலாம்; 30 நொடிக்கு மிகாத எம்பி3 கோப்பும் அதன் சுரக்குறிப்பும் கொடுக்க வேண்டும். ஈயங்கள் விழும் ஓசை மட்டும் போதுமான தனித்தன்மை உடையதாக ஏற்கப்படுவது கடினம் என்பதால், அந்த நீண்ட சுரத்தையும் சேர்த்தே பதிவுக்குக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்து டிசிபி கையில் வந்ததும், கணினித் திரையில் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். இராமநாதபுரத்தில் ஏதாவது ஓர் அரங்கில் காலைக்காட்சிக்கு முன் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, படம் ஓட்டும்போது வைக்கும் அதே ஒலியளவில் போட்டுப் பாருங்கள். ஒருவர் கடைசி வரிசையிலும், ஒருவர் முதல் வரிசையின் ஓரத்திலும் உட்காருங்கள். பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் திரையின் ஓரத்துணியில் வெட்டுப்படாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். உங்களுக்காக வலை வீசியவரையும் அழைத்துப்போய் நடுவரிசையில் உட்கார வையுங்கள். வலை சரியாக விரிந்ததா, ஈயம் விழுந்த ஓசை இடுப்பளவுத் தண்ணீரின் ஓசைதானா என்று அவரிடம் கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்னால், சான்றிதழுக்கு அனுப்பும் முன் ஒலியை மாற்ற உங்களுக்கு இன்னும் நாள் இருக்கும்படி இந்தச் சோதனையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.